பழைய பிரவுசரிலும் படிவக் குறிப்பு தெரிய வேண்டுமா? பிளேஸ்ஹோல்டருக்கு மாற்று ஏற்பாடு: முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒருவர் முகவரியில் ‘மாசி வீதி’ என்று மட்டும் எழுதிவிட்டால், பார்சல் எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்பது மீனாட்சிக்குத்தான் வெளிச்சம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக விரியும் தெருக்கள் ஒவ்வொன்றும் மேல, கீழ, வடக்கு, தெற்கு என நான்காக இருக்கின்றன. அதனால்தான் சுங்குடிச் சேலை விற்கும் கடைக்கு ஆர்டர் படிவம் செய்து கொடுப்பவர், தெருவுக்கான பெட்டிக்குள் ‘எ.கா. 14, தெற்குமாசி வீதி’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பை வைக்கிறார். எச்டிஎம்எல்5-இல் இதற்கென்றே ‘பிளேஸ்ஹோல்டர்’ என்ற பண்பு இருக்கிறது. அதை அறியாத பழைய பிரவுசரில் பெட்டி காலியாக நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், கோளாறு இருப்பதே பல மாதங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

இந்தக் குறையைச் சரிசெய்ய இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் பெரும்பாலானவை, குறிப்பு வாசகத்தையே பெட்டியின் மதிப்பாக, அதாவது ‘வேல்யூ’வாக, எழுதிவிடுகின்றன. என் கருத்தில் அது தவறான வழி. குறிப்பைப் பெட்டியின் மேல் ஒட்டலாம், கீழே எழுதலாம். உள்ளே போடக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். நிரல் பெயர்களைத் தமிழ் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில்: உங்களுக்கு இது தேவைதானா?

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 (2012) முதல்தான் மைக்ரோசாஃப்டின் பிரவுசர் பிளேஸ்ஹோல்டரைக் காட்டத் தொடங்கியது. 2011-இல் வந்த 9-ஆம் பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் அது இல்லை. குரோம் தன் 4-ஆம் பதிப்பிலிருந்தும், ஃபயர்ஃபாக்ஸ் 2011-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்தும் காட்டுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் எக்ஸ்ப்ளோரர் 8-க்கு மேல் ஏறாது. விஸ்டாவில் 9-க்கு மேல் ஏறாது.

ஆனால் எக்ஸ்பி கணினி இருக்கிறதே என்று உடனே நிரல் எழுத உட்கார வேண்டாம். எக்ஸ்பியில் ஓடும் எக்ஸ்ப்ளோரர் 8-க்குப் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் 1.2 முறை தெரியாது; ஒரே ஐபி முகவரியில் பல தளங்களை நடத்த உதவும் எஸ்என்ஐ முறையும் தெரியாது. இன்றைய எச்டிடிபிஎஸ் தளங்களில் மிகப் பெரும்பாலானவை அதில் திறக்கவே திறக்காது. படிவமே வராத இடத்தில் குறிப்பைப் பற்றிக் கவலைப்படுவானேன்? அதே எக்ஸ்பியில் குரோம் 49, ஃபயர்ஃபாக்ஸ் 52 வரை நிறுவலாம். விண்டோஸ் 7-இல் குரோம் 109 வரை போகலாம். இவை எல்லாம் பிளேஸ்ஹோல்டரை நன்றாகவே காட்டும். பொது மக்களுக்கான கடைத் தளம் என்றால், பழைய எக்ஸ்ப்ளோரருக்காக நீங்கள் எழுதும் நிரலைப் பார்க்க ஆள் வரப்போவதில்லை.

வேறு மூன்று இடங்களில் தேவை உண்மையாகவே இருக்கிறது. ஒன்று, அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் உள்வலைத் தளம். கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளின் கணக்கறைகளிலும், சிறிய மருத்துவமனைகளின் பதிவு மேசைகளிலும், பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய பில் போடும் மென்பொருள் எக்ஸ்ப்ளோரருக்குள்தான் ஓடுவதை இப்போதும் பார்க்கலாம். இரண்டு, எட்ஜ் பிரவுசருக்குள் இருக்கும் ‘ஐஇ மோட்’, அதாவது பழைய தளங்களை எக்ஸ்ப்ளோரர் போலவே திறந்துகாட்டும் முறை. தனி எக்ஸ்ப்ளோரர் 11-க்கு 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. ஐஇ மோடை மட்டும் குறைந்தது 2029 வரை ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறது. மூன்று, ஓபரா மினி. விலை குறைந்த கைபேசியில் டேட்டா மிச்சப்படுத்துபவர்கள் வைத்திருப்பது. இதன் கதை தனி.

இவற்றில் முதலிரண்டுக்கும் ஒரு வினோதம் பொதுவாக உண்டு. எக்ஸ்ப்ளோரர் 11 புதியதுதான், அதற்குப் பிளேஸ்ஹோல்டர் தெரியும். ஆனாலும் உள்வலைத் தளம் என்று கண்டால் அது தானாகவே ‘இணக்கப் பார்வை’க்குப் போய், 7-ஆம் பதிப்பு போல நடிக்கத் தொடங்கிவிடும். நடிப்பு என்றால் முழு நடிப்பு, பிளேஸ்ஹோல்டரையும் மறந்துவிடும். எனவே ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பக்கத்தின் முதல் வரியில் எச்டிஎம்எல்5 டாக்டைப் அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். ‘ஹெட்’ பகுதியில், ஸ்டைல் கோப்புக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் முன்னால், ‘எக்ஸ்-யுஏ-கம்பாட்டிபிள்’ என்ற மெட்டா குறியில் ‘ஐஇ=எட்ஜ்’ என்று கொடுங்கள். கணினித் துறை நிர்வாகி தன் தளப் பட்டியலில் பழைய முறையைக் கட்டாயமாக்கி வைத்திருந்தால் ஒழிய, இந்த இரண்டிலேயே குறிப்புகள் தெரிந்துவிடும். வேலையும் அங்கேயே முடியும்.

படிவத்தின் அடிப்படை

சேலைக் கடையின் படிவத்தையே எடுத்துக்கொள்வோம்: பெயர், கைபேசி எண், கதவு எண்ணும் தெருவும், ஊர், பின்கோடு, கூடுதல் விவரத்துக்கு ஒரு பெரிய பெட்டி, கணக்குத் தொடங்கக் கடவுச்சொல்.

ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே ஒரு லேபிள் இருக்க வேண்டும்; லேபிளின் ‘ஃபார்’ பண்பு பெட்டியின் ‘ஐடி’யைச் சுட்ட வேண்டும். பிளேஸ்ஹோல்டர் இருக்கிறதே என்று லேபிளை எடுத்துவிடுவது இடத்தை மிச்சப்படுத்துகிற அழகுணர்ச்சி. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் குறிப்பு மறைந்து, ‘இது எதற்கான பெட்டி?’ என்று விழிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, குறிப்புகளை இரண்டாகப் பிரியுங்கள். பின்கோடு பெட்டியில் ‘625001’ என்று மாதிரி காட்டுவது, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கடை சாய்ந்துவிடாது. ஆறு இலக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெருப் பெட்டி அப்படியல்ல. திசையோடு எழுத வேண்டும் என்பது விதி. எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது கண்ணில் பட வேண்டும். இத்தகைய குறிப்பைப் பிளேஸ்ஹோல்டரில் வைக்காமல் பெட்டிக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘வீதியின் திசையையும் சேர்த்து எழுதுங்கள்: மேலமாசி, வடக்குமாசி’ என்று சாதாரண வரியாக எழுதிவிடுங்கள். அந்த வரிக்கு ஒரு ஐடி கொடுத்து, பெட்டியில் ‘ஏரியா-டிஸ்கிரைப்டுபை’ பண்பால் இணைத்தால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதையும் படித்துச் சொல்லும். இதற்கு எந்த நிரலும் வேண்டாம், ஓபரா மினி உட்பட எல்லாவற்றிலும் தெரியும்.

தமிழில் குறிப்பு எழுதும்போது நீளத்தைக் கவனியுங்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. கைபேசித் திரையில் ‘உங்கள் பத்து இலக்கக் கைபேசி எண்ணை இங்கே உள்ளிடவும்’ என்பது பாதியில் வெட்டுப்படும். ‘10 இலக்கம்’ போதும்.

ஆதரவு இருக்கிறதா என்று கேட்பது

பிரவுசரின் பெயரைக் கேட்காதீர்கள். எக்ஸ்ப்ளோரர் 11 தன் அடையாள வாசகத்திலிருந்து ‘எம்எஸ்ஐஇ’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. இணக்கப் பார்வையில் அதே பிரவுசர் ‘எம்எஸ்ஐஇ 7.0’ என்று சொல்லும். பெயரை நம்புகிற நிரல் இரண்டு பக்கமும் ஏமாறும்.

திறனைக் கேளுங்கள். நினைவகத்தில் மட்டும் ஒரு ‘இன்புட்’ உறுப்பை உருவாக்கி, அதற்குள் ‘பிளேஸ்ஹோல்டர்’ என்ற பெயரில் ஒரு பண்பு இருக்கிறதா என்று ‘இன்’ செயற்குறியால் பார்ப்பது ஒரே வரி வேலை. ‘டெக்ஸ்ட்ஏரியா’ உறுப்புக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். ஓபரா 11, சஃபாரி 4 போன்றவற்றில் சிறு பெட்டிக்கு ஆதரவு இருந்து, பெரிய பெட்டிக்கு இல்லாமல் இருந்தது. இரண்டு விடைகளையும் இரண்டு மாறிகளில் வைத்துக்கொண்டு, ஆதரவு இல்லாத வகைக்கு மட்டும் மாற்று ஏற்பாட்டை இயக்குங்கள்.

ஓபரா மினி இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும். பண்பு இருக்கிறது என்று விடை வரும், திரையில் குறிப்பு வராது. அது பக்கத்தைத் தன் சர்வரிலேயே வரைந்து, சுருக்கி அனுப்புகிறது. பக்கம் வந்த பின் கைபேசியில் ஜாவாஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடாது. ஆகவே அதில் எந்த மாற்று நிரலும் சரியாக நடக்காது. முன்பு சொன்ன, கீழே எழுதும் வரிதான் அதற்கு ஒரே மருந்து.

மேலே ஒட்டும் முறை

கண்ணாடி மேசையில் விரிப்பு போடுவது போல, பெட்டியைத் தொடாமல் அதன் மேல் ஒரு எழுத்துப் படலம் வைப்பதுதான் முறை.

ஆதரவு இல்லை என்று தெரிந்ததும், பக்கத்திலுள்ள இன்புட்களையும் டெக்ஸ்ட்ஏரியாக்களையும் ‘டேக்’ பெயர் வழியாகத் திரட்டுங்கள். ஒவ்வொன்றின் பிளேஸ்ஹோல்டரையும் ‘கெட்அட்ரிபியூட்’ மூலம் படியுங்கள். புள்ளி வைத்து நேரடியாகப் படித்தால் எக்ஸ்ப்ளோரர் 9-ஆம் பதிப்பில் ஒன்றும் கிடைக்காது. வாசகம் இருந்தால், பெட்டியைச் சுற்றி ஒரு ‘ஸ்பேன்’ உறை போட்டு அதன் ‘பொசிஷன்’ மதிப்பை ‘ரிலேட்டிவ்’ ஆக்குங்கள். உறைக்குள், பெட்டிக்கு அடுத்தபடியாக, ஒரு புதிய லேபிளைச் சேருங்கள். அதன் ‘பொசிஷன்’ ‘அப்சொல்யூட்’. இடது, மேல் இடைவெளிகள் பெட்டியின் பேடிங்கும் பார்டரும் சேர்ந்த அளவு. எழுத்துரு, எழுத்தளவு, வரி உயரம் மூன்றும் பெட்டியுடையவையே. சிறு பெட்டி என்றால் வரி உடையாமல், மிஞ்சியது மறையும்படி வையுங்கள். பெரிய பெட்டியில் வரி உடையட்டும்.

ஸ்பேன் அல்லாமல் லேபிள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. படலம் பெட்டியின் மேல் கிடக்கிறது. பயனர் எழுத்தின் மீதே சொடுக்குவார். சொடுக்கைக் கீழே ஊடுருவ விடும் சிஎஸ்எஸ் வசதி எக்ஸ்ப்ளோரரில் 11-இல்தான் வந்தது. லேபிளுக்கு ‘ஃபார்’ கொடுத்துவிட்டால், அதன் மீது எங்கே சொடுக்கினாலும் கர்சர் பெட்டிக்குள் போய் நிற்கும். அதற்கெனத் தனி நிரல் எதுவும் வேண்டாம். நிரலால் ‘ஃபார்’ வைக்கும்போது ‘எச்டிஎம்எல்ஃபார்’ என்ற பண்பைப் பயன்படுத்துங்கள், பழைய பதிப்புகளில் அதுதான் செல்லும். சுட்டியின் வடிவத்தையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். ஒரே பெட்டிக்கு இரண்டு லேபிள் என்பதால் திரைவாசிப்பான் பெயரோடு குறிப்பையும் சேர்த்துப் படிக்கக்கூடும். அதில் கெடுதல் இல்லை.

நிறத்துக்கு 767676 என்ற சாம்பலுக்கு மேல் வெளிறவிடாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் அதன் வேறுபாட்டு விகிதம் 4.54:1, அணுகல்தன்மை நெறிகள் கேட்கும் 4.5:1-ஐ அது ஒட்டித் தாண்டுகிறது. மங்கிய பழைய மானிட்டரில் அதற்கும் வெளிறினால் காணாமலே போய்விடும்.

அச்சுக்கான சிஎஸ்எஸ் பகுதியில் இந்தப் படலத்தை மறைத்துவிடுங்கள். நம் ஊரில் படிவத்தை நிரப்பியதும் அச்செடுத்து ஃபைலில் கோக்காமல் யாருக்கும் மனம் ஆறாது. நிரப்பாத பெட்டியில் குறிப்பும் அச்சாகிவிட்டால், அது வாடிக்கையாளர் கொடுத்த தகவல் என்றே கணக்கர் நினைப்பார்.

எப்போது மறைய வேண்டும், எப்போது திரும்ப வேண்டும்

ஒரு சிறு செயற்கூறு போதும்: பெட்டியின் மதிப்பு நீளம் பூஜ்யமாக இருந்தால் படலத்தைக் காட்டு, இல்லையென்றால் மறை. சிக்கல், அதை எந்த நேரத்தில் கூப்பிடுவது என்பதில்தான்.

எக்ஸ்ப்ளோரரின் எட்டாம் பதிப்பில், பெட்டியின் எழுத்து மாறியதைச் சொல்லும் ‘இன்புட்’ என்ற நிகழ்வே கிடையாது. ஒன்பதில் இருக்கிறது, ஆனால் எழுத்தை அழிக்கும்போது எழாது. பேக்ஸ்பேஸ், வெட்டுதல் இரண்டையும் அது கவனிப்பதில்லை. ஆகவே ‘கீடவுன்’ நிகழ்வைப் பிடித்து, பூஜ்ய தாமதத்துடன் ‘செட்டைம்அவுட்’ வழியாகச் செயற்கூறைக் கூப்பிடுங்கள். நேரடியாகக் கூப்பிட்டால் எழுத்து பெட்டிக்குள் இன்னும் விழுந்திருக்காது. ஒட்டுதல், வெட்டுதல் நிகழ்வுகளுக்கும் இதே தாமதம் வேண்டும். ‘ஃபோகஸ்’, ‘பிளர்’, ‘சேஞ்ச்’ மூன்றிலும் கூப்பிடுங்கள். படிவத்தின் ‘ரீசெட்’ நிகழ்வு, பெட்டிகள் காலியாவதற்கு முன்பே எழுந்துவிடும். அங்கும் தாமதம் தேவை.

பிரவுசர் தானாக நிரப்பும் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றுக்குச் சில பதிப்புகளில் எந்த நிகழ்வும் வராது. நிரம்பிய எழுத்தின் மேல் குறிப்பு எழுத்தும் ஏறி, இரண்டும் படிக்க முடியாமல் கிடக்கும். கால் விநாடிக்கு ஒரு முறை எல்லாப் பெட்டிகளையும் சரிபார்க்க ஒரு ‘செட்இன்டர்வல்’ போட்டுவிடுங்கள். கரடுமுரடான வழிதான், ஏழு பெட்டிக்கு அதனால் எந்தக் கணினியும் மூச்சு வாங்காது. அப்படியானால் நிகழ்வுகளை விட்டுவிட்டு இதை மட்டும் வைக்கலாமா என்றால், கூடாது. முதல் எழுத்து அடித்த பின் கால் விநாடி குறிப்பும் எழுத்தும் கலந்து தெரிவது கண்ணை உறுத்தும்.

பழைய ஜாவாஸ்கிரிப்ட்டின் பள்ளங்கள் சில. எட்டாம் பதிப்பு வரை ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ இல்லை, ‘அட்டாச்ஈவென்ட்’தான்; அதற்குள் ‘திஸ்’ என்பது பெட்டியைக் குறிக்காது, சாளரத்தைக் குறிக்கும். ‘லெட்’ கிடையாது என்பதால், சுழலுக்குள் நேரடியாக நிகழ்வு கட்டினால் எல்லாப் பெட்டிகளும் கடைசிப் பெட்டியையே நினைத்துக்கொள்ளும். ஒரு பெட்டியை வாங்கி வேலை முழுவதையும் செய்யும் தனிச் செயற்கூறு எழுதி, சுழலிலிருந்து அதை அழையுங்கள். ‘ஃபார்ஈச்’, ‘டிரிம்’ இரண்டும் எட்டில் இல்லை. ‘ஆப்ஜெக்ட்’ பட்டியலின் கடைசியில் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலே 7-ஆம் பதிப்பு முழுக் கோப்பையும் தள்ளிவிடும்.

மதிப்பாகவே எழுதும் முறை ஏன் வேண்டாம்

ஊர்ப் பெட்டியில் ‘மதுரை’ என்று குறிப்பு வைக்கிறீர்கள். மதிப்பு முறையில் நிரல் அந்தச் சொல்லைப் பெட்டிக்குள் எழுதிவைக்கும். சமர்ப்பிக்கும் நேரத்தில் ‘மதிப்பும் குறிப்பும் ஒன்றா? அப்படியானால் அழித்துவிடு’ என்று பார்க்கும். மதுரைக் கடைக்கு ஆர்டர் கொடுப்பவர் ஊர்ப் பெட்டியில் வேறென்ன எழுதுவார்? அவர் உண்மையாகவே அடித்த மதுரையும் அழிந்து, ஊர் இல்லாத ஆர்டர் கடைக்கு வந்து சேரும். மேலூர்க்காரருக்கும் உசிலம்பட்டிக்காரருக்கும் சரியாக வேலை செய்து, நகரத்துக்காரருக்கு மட்டும் கெடுகிற கோளாறு இது. கண்டுபிடிக்கும்வரை ஆளைப் பைத்தியமாக்கும்.

சமர்ப்பிக்கும்போது அழிப்பதும் உறுதியில்லை. வேறொரு நிரல் ‘சப்மிட்’ செயற்கூறை நேரடியாக அழைத்தால் சப்மிட் நிகழ்வு எழவே எழாது. ‘10 இலக்கம்’ என்பதே வாடிக்கையாளரின் கைபேசி எண்ணாகத் தரவுத்தளத்தில் ஏறும். கட்டாயப் பெட்டி காலியா என்று பார்க்கும் நிரல், குறிப்பைக் கண்டு நிரம்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். கடவுச்சொல் பெட்டியில் குறிப்பு வெறும் புள்ளிகளாகத் தெரியும். அதன் வகையைத் தற்காலிகமாக ‘டெக்ஸ்ட்’ ஆக்கலாம் என்றால், எட்டாம் பதிப்பு வரை பக்கத்தில் ஏறிவிட்ட பெட்டியின் வகையை மாற்ற விடாது.

சர்வரில் ஒப்பிட்டு வடிகட்டலாம் என்பவர்களுக்குத் தமிழ் ஒரு பொறி வைத்திருக்கிறது. ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. ‘கொண்டு வருபவர் பெயர்’ என்ற குறிப்பு இந்த வடிகட்டியில் நழுவிப் போகலாம்.

பழைய மென்பொருளின் கட்டமைப்பால் மதிப்பு முறையை விட வழியே இல்லையென்றால், வாசகத்தை ஒப்பிடாதீர்கள். குறிப்பை நிரல் எழுதியபோது பெட்டியில் ஓர் அடையாளப் பண்பை வையுங்கள். பயனர் உள்ளே நுழைந்ததும் எடுங்கள். அடையாளம் இருந்தால் மட்டும் அழியுங்கள். பக்கத்தை விட்டுப் போகும்போதும் அழியுங்கள், இல்லாவிட்டால் பின்செல்லும் பொத்தானை அழுத்தித் திரும்பியதும் பிரவுசர் குறிப்பை உண்மையான மதிப்பாக நினைத்துத் திரும்ப வைத்துவிடும்.

ஆதரவு உள்ள பிரவுசர்களிலும் சில்லறை வேலை

எக்ஸ்ப்ளோரர் 10, 11 இரண்டிலும், தமிழ் போன்ற ஆங்கிலமல்லாத எழுத்தில் பிளேஸ்ஹோல்டர் இருந்தால், யாரும் எதையும் அடிக்காமலே ‘இன்புட்’ நிகழ்வு எழும் கோளாறு உண்டு. பக்கம் திறந்ததுமே ‘பெயர் கட்டாயம்’ என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தால் காரணம் இதுதான். பெட்டியின் முந்தைய மதிப்பை நினைவில் வைத்து, மாறாதபோது நிகழ்வைப் புறக்கணியுங்கள்.

நிறம் மாற்றும் சிஎஸ்எஸ் தேர்வுக்குறி பிரவுசருக்குப் பிரவுசர் வேறு: வெப்கிட் முன்னொட்டுடன் ஒன்று, மோசில்லாவுக்கு 18-ஆம் பதிப்பு வரை ஒற்றை முக்காற்புள்ளி, 19 முதல் இரட்டை, எக்ஸ்ப்ளோரர் 10, 11-க்கு எம்எஸ் முன்னொட்டு, பின்னர் முன்னொட்டு இல்லாத பொது வடிவம். இவற்றைக் காற்புள்ளி போட்டு ஒரே விதியில் அடுக்கினால், பிரவுசர் தனக்குப் புரியாத ஒன்றைக் கண்டதும் மொத்த விதியையும் தூக்கி எறிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி விதி எழுதுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் குறிப்பைத் தானாகவே மங்கலாக்கும். ‘ஒபாசிட்டி’ 1 என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது

விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் ‘எஃப்12’ என்ற உட்கோப்புறைக்குள் ‘ஐஇ சூஸர்’ என்ற நிரல் இருக்கும். எட்ஜின் ஐஇ மோடில் பக்கத்தைத் திறந்துவைத்து இதை இயக்கினால், ‘எமுலேஷன்’ என்ற போலச்செய்யும் பகுதியில் ஆவண முறையை 9, 8, 7 என்று மாற்றிப் பார்க்கலாம். மாதிரி நடிப்புதான் என்றாலும் பெரும்பாலான பிழைகள் இதிலேயே அகப்படும்.

ஒவ்வொரு முறையிலும் இவற்றைச் செய்து பாருங்கள். குறிப்பெழுத்தின் மீதே சொடுக்குங்கள், கர்சர் உள்ளே போக வேண்டும். ஓர் எழுத்தை அடித்து பேக்ஸ்பேஸால் அழியுங்கள். சுட்டியின் வலப்பொத்தான் பட்டியலிலிருந்து ஒட்டுங்கள், வெட்டுங்கள். ஊர்ப் பெட்டியில் குறிப்பிலுள்ள அதே சொல்லை அடித்துச் சமர்ப்பித்து, சர்வரில் அது வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். ஒன்றும் நிரப்பாமல் சமர்ப்பித்தால் சர்வருக்கு வெறும் காலி மதிப்புகள்தான் போக வேண்டும். எழுத்தளவைப் பிரவுசரில் பெரிதாக்குங்கள். படலம் பெட்டியை விட்டு நழுவினால் இடைவெளிகளைப் பிக்சலில் அல்லாமல், எழுத்தளவோடு சேர்ந்து மாறும் ‘எம்’ அளவில் மாற்றுங்கள். குறிப்புகள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரிந்தால், குற்றம் நிரலில் இல்லை: ஸ்கிரிப்ட் கோப்பு யுடிஎஃப்-8-இல் சேமிக்கப்பட்டிருக்கிறதா, பக்கத்தின் தொடக்கத்தில் அதே குறியாக்கம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பி கணினி என்றால் இன்னொன்றும் உண்டு. மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவினால்தான் அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.